அவள் சொல்லி முடிப்பதற்குள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கிறவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "இதுல நல்லா தெரியுதா, முன்ன போட்டதுலயா?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் நின்றார். நான் யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. "தெரியலேன்னா தெரியலேன்னே சொல்லுங்க, தப்பில்ல" என்றார். என் ஐம்பத்திரண்டு வயதில் என் பதிலுக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். கண் கூசுகிறது என்று அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது ஒரு கலை. அந்தக் கலையில்—" (வேண்டாம். ஆண்டுவிழா மேடை வாடை அடிக்கிறது.)

இரண்டாவது: "கடையில் அத்தனை பேர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்கும் அவர், வீட்டுக்கு வந்தால்—" (தேவலாம். ஆனால் எல்லாவற்றையும் வாசலிலேயே உளறிவிடுகிறது.)

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:

வியாழக்கிழமை மாலை. அவர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். குழாய் திறந்திருந்தது. அவர் மனைவி, தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள், கதவோரம் நின்று ஏதோ சொன்னாள். அவர் மனம் கடையில் ஆள் மாறிப் போன ஒரு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்திய இடத்தில் "சரி" என்றார்.*

* இங்கே ஓர் இடைச்செருகல். நம் 'சரி'க்கு இரண்டு வேலை. 'சம்மதம்' என்பது ஒன்று. 'உன் சத்தம் காதில் விழுகிறது, மேலே சொல்' என்பது இன்னொன்று. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் சொன்னது இரண்டாவது. அவள் காதில் விழுந்தது முதலாவது.

3

வெள்ளிக்கிழமை அவர் வீடு திரும்பியபோது, அவள் அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள். "இவ்ளோ லேசா சரின்னு சொல்வீங்கன்னு நெனைக்கவே இல்ல. ஒரு வருஷம் தனியா இருந்துடுவீங்களா?"

ஒரு வருஷமா? எங்கே? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிடிகொடுக்காமல் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்தார். வேறு ஊரில் புதிய ஆய்வுக்கூடம் திறக்கிறார்கள். ஒரு வருஷம் அதை நடத்த அவளைக் கூப்பிடுகிறார்கள். மனம் மாறினால் திங்கட்கிழமை மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் அவள் முகம் இப்படி மலர்ந்து அவர் பார்த்ததில்லை. தான் சொல்லாத ஒரு சம்மதத்தால் வந்த மலர்ச்சி அது என்று அவருக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் அது வாடிவிடும். சொல்லாவிட்டால், அவள் ஒரு பொய்யை நம்பி ஊர்விட்டு ஊர் போவாள்.

4

இதுவரை எழுதியதை அக்காவுக்குப் போனில் வாசித்தேன். நல்லதோ கெட்டதோ, அவளுக்குத்தான் முதலில் வாசிப்பேன். கேட்டு முடித்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு என்ன நெனச்சாரு, எதுக்கு பயந்தாரு, எல்லாம் விலாவாரியா சொல்லிட்ட. அவ போகணும்னு நெனைக்கிறாளா?"

"முகம் மலர்ந்திருந்துச்சுன்னு எழுதியிருக்கேனே."

"அது அவரு பாத்தது. வியாழக்கிழம அவ என்ன சொன்னா? 'ஏதோ சொன்னாள்'னு எழுதியிருக்க. அவருதான் கேக்கல. கதை எழுதுற உனக்கு என்ன வந்துச்சு? நீயே கேக்கலேன்னா வேற யாருடா கேப்பா?"

நான் பதில் தேடுவதற்குள் இன்னொன்றும் போட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானே? அவரு மட்டும் 'அவர்', அவ வெறும் 'அவள்'தானா?"

வெட்கமாகப் போய்விட்டது. இருவரையும் 'அவர்' ஆக்கினால் யார் பேசுவது என்று நீங்கள் குழம்புவீர்கள். ஆகவே இனி அவன். மரியாதையை இறக்கியதும் கொஞ்சம் பக்கத்தில் தெரிகிறான்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவன் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அவள் ரயிலேறினாள். தினமும் போனில் அவள் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவன்— (வேண்டாம். மறுபடியும் இவன் மனசு அரிப்பதைத்தான் எழுதப்போகிறேன்.)

அவன் உண்மையைச் சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும், நீங்க—" (எனக்கு வசதியான சிரிப்பு.)

அவள் அழுதாள். "போகாதேன்னு சொல்வீங்கன்னுதான் நான்—" (இதுவும் நானாக அவள் வாயில் திணிப்பது.)

அவள் வாய் திறந்த இரண்டு முடிவிலும் பாதி வாக்கியத்தில் கத்தரித்தது நான்தான். அவனாவது குழாயைத் திறந்து வைத்திருந்தான். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

6

ஞாயிறு காலை. அவள் கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் வந்து நின்றான்.

"வியாழக்கிழம நீ சொன்னத நான் கேக்கல. வாய்க்கு வந்துச்சு, சரின்னு சொல்லிட்டேன்."

அவள் கை நின்றது. மன்னிப்புக் கேட்டாவது அந்த மௌனத்தை மூடிவிட அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான். நானும்.

"அப்போ ரெண்டு நாளா எங்கிட்ட நடிச்சீங்களா?"

"ஆமா."

"நான் போறதப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"அத அப்புறம் சொல்றேன். அன்னிக்கு சொன்னத நீ முதல்லேர்ந்து சொல்லு."

அவள் மடித்த துணியை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"மூணு வருஷமாவே எனக்கு" என்று ஆரம்பித்தாள்.

அடுத்த வரி என்னிடம் மூன்று விதமாக இருக்கிறது. மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. மூன்றும் நான் யோசித்தவை. அதனால் இங்கே விலகிக்கொள்கிறேன். இனி அவள் எதிரில் இருப்பது அவனும் நீங்களும்தான். போகிறாளா இல்லையா என்று அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். அவள் இன்னும் முதல் வாக்கியத்தையே முடிக்கவில்லை.