கடைசி பெஞ்ச் அம்மா

மூன்றாம் வகுப்பு 'பி' செக்‌ஷனில் எனக்கும் ஒரு இடம் உண்டு. கடைசி பெஞ்சில், என் மகள் நித்யஸ்ரீக்குப் பக்கத்தில். எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்ச். முழங்காலை எங்கே வைப்பதென்று இன்றுவரை பிடிபடவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை, கூட உட்கார ஆள் வைத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றது ஸ்கூல். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. அப்புறம் என்ன, வேலையை விட்டுவிட்டு நானே வந்து உட்கார்ந்துவிட்டேன். "இன்னிக்கு என்ன ஹோம்வொர்க்?" என்று என் கணவர் பத்ரி என்னைத்தான் கேட்பார். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. இப்போது எரிச்சல்தான் வருகிறது.

நேற்று பிரின்சிபல் ஞானஜோதி மேடம் கூப்பிட்டனுப்பினார். நாலாம் வகுப்பில் அம்மாக்கள் உட்கார முடியாதாம். நாளைக்கு ஒரு மேத்ஸ் பீரியட் தனியாக உட்காரட்டும், பதில் சொல்கிறாளா பார்ப்போம், இல்லையென்றால் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். செம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வரை நான் ஏறி இறங்காத ஸ்கூலா? வேறு ஸ்கூலாம்.

இன்று நானும் மேடமும் வராந்தாவில், ஜன்னலோரமாக நின்றோம். கிறிஸ்டி மிஸ் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே வந்தார்.

"நித்யா, செவன் எய்ட்ஸ் ஆர்?"

அவளுக்குத் தெரியும். காலையில் ஷூ மாட்டும்போதுகூட ஒப்பித்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முதுகைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் காத்திருந்தாள்.

எதற்கென்று எனக்குப் புரிந்தது. மிஸ் கேள்வி கேட்டதும் அவள் முதுகில் லேசாகத் தட்டுவேன். ஒவ்வொரு தடவையும். தைரியம் கொடுப்பதாக நினைத்து, என் கை படாமல் அவளுக்குப் பதிலே வராதபடி பழக்கி வைத்திருக்கிறேன். என்னை எதால் அடித்தால் தகும்?

கிறிஸ்டி மிஸ் பாவம், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது. மேடம் வாசலை மறித்தாற்போல் நின்றிருந்தார்.

நித்யஸ்ரீ வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனாள். எட்டவில்லை. கையை இறக்கி, இடுப்புப் பக்கமாக வளைத்து மறுபடி முயன்றாள்.

"என்ன நித்யஸ்ரீ அம்மா, முதுகு ஏதாவது அரிக்குதா அவளுக்கு?" என்றார் மேடம்.

உள்ளே வேறு யாரோ ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபிஃப்டி சிக்ஸ்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. பின்னால் வளைந்த கை, தன் முதுகைத் தானே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.