ஸ்தாமெனின் மின்னஞ்சல் பெட்டி

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில் ஒரு சிறிய மின்னஞ்சல் நிறுவனத்தில் பிஸ்த்ரா வேலை பார்த்தாள். அவர்கள் கொடுத்த பெட்டி இலவசம். இடத்துக்கு அளவும் கிடையாது. ‘எதையும் அழிக்க வேண்டாம்’ என்று பேருந்துகளின் முதுகில் விளம்பரம் செய்திருந்தார்கள். மக்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீடியோ, கல்லூரிப் பாடம், கடையின் கணக்கு எல்லாம் வந்து சேர்ந்தன. கூடவே திருட்டுப் படங்களும் வந்தன. படக்காரர்களுக்கு ஒரே வழிதான். படத்தைத் துண்டுதுண்டாக்கி, யாருக்கும் அனுப்பாமல் வரைவுகளாகப் போட்டு வைப்பார்கள். பிறகு பெட்டியின் கடவுச்சொல்லை ஊருக்கே கொடுத்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட பெட்டிகளைக் கண்டுபிடித்து மூடுவது பிஸ்த்ராவின் வேலை. அடுத்தவர் கடிதத்தைத் திறந்து பார்க்க அவளுக்கு உரிமை இல்லை. பெட்டி எவ்வளவு பெரிது, எந்தெந்த ஊரிலிருந்து நுழைகிறார்கள், ஏதாவது அனுப்புகிறார்களா என்பது மட்டும்தான் தெரியும். அவற்றை வைத்து முடிவெடுக்கும் விதிகளை எழுதியவர் தொழில்நுட்பத் தலைவர் ஒக்னியான். சந்தேகம் வந்தால் பெட்டியைப் பூட்டு. உரிமையாளரைத் தொலைபேசியில் கூப்பிடு. எடுக்காவிட்டால் ஒரு வாரம் பொறு. அதன்பின் இயந்திரம் பழைய கடிதத்திலிருந்து தொடங்கி அழித்துக்கொண்டே வரும்.

அந்த வசந்த காலத்தில் அவள் பூட்டிய பெட்டிகளில் ஸ்தாமென் என்பவருடையதும் ஒன்று. பெட்டி முழுக்கப் பெரிய பெரிய கோப்புகள். பிளோவ்திவ், பெர்காமோ, வியன்னா, வலென்சியா என்று பல ஊர்களிலிருந்து ஆட்கள் நுழைந்திருந்தார்கள். ஒரு கடிதம்கூட வெளியே போனதில்லை. அவள் பல முறை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது, பிறகு துண்டிக்கப்பட்டது. விதிப்படி அவள் செய்ததில் தவறேதும் இல்லை.

மறு வாரம் மதிய வேளையில், அவள் பானித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைப் பிட்டு வாயில் போடும்போது, ஒரு பெண்ணும் நரைத்த மீசைக்காரர் ஒருவரும் வரவேற்பறையைத் தாண்டி நேராக அவள் மேசைக்கே வந்துவிட்டார்கள்.

“பெட்டியைப் பூட்டறது நீங்கதானா?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமாங்க. உக்காருங்க. என்ன விஷயம்?”

“நான் க்ரெமெனா. இவர் எங்க அப்பா ஸ்தாமென். ஒரு வாரமா இவருக்கு போன் மேல போன் போட்டிருக்கீங்க.”

“போட்டேன். எடுத்தாத்தானே?”

“எடுத்து என்ன பண்ணச் சொல்றீங்க? பொறந்ததுலேர்ந்து இவருக்குக் காது கேக்காது.”

பிஸ்த்ரா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். ஸ்தாமென் கைகளை வேகமாக அசைத்துப் பேசினார். மகள் அதைக் குரலாக்கினாள்.

“ஒவ்வொரு தடவையும் ‘எழுதி அனுப்புங்க’ன்னு குறுஞ்செய்தி போட்டாராம்.”

“அது மேசை போனுங்க. அதுக்குக் குறுஞ்செய்தி வராது.”

“சரி, புகார் எழுதலாம்னு உங்க இணையப் பக்கத்துக்குப் போனோம். முதல்ல பெட்டிக்குள்ள நுழையணுமாம். பெட்டியப் பூட்டிட்டு, உள்ள வந்து சொல்லுங்கன்னா எப்படிங்க?”

ஸ்தாமென் இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். க்ரெமெனா வாயே திறக்கவில்லை.

“என்ன சொல்றாரு?”

“அது உங்க கம்பெனியைப் பத்தி. சபையில சொல்ற மாதிரி இல்லை.”

சத்தம் கேட்டு ஒக்னியான் உள்ளறையிலிருந்து வந்தார். பூட்டு விழுந்த ஆட்கள் சொல்லும் கதைகளை நிறையக் கேட்டவர் அவர். போன மாதம்கூட ஒருவன் தொலைபேசியில், செத்துப்போன தாயின் புகைப்படங்கள் என்று அழுதான். நேரில் வந்து பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னதும் ஆளையே காணோம்.

“உள்ள என்னதான் இருக்கு?” என்று நேரடியாகக் கேட்டார்.

ஸ்தாமென் மரச்சாமான் தொழிற்சாலையில் தச்சர். அவருடைய நண்பர்கள் எல்லாரும் காது கேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எழுத்து அவர்களுக்கு அந்நிய பாஷை மாதிரி, பேச்சு கையில்தான். நேரடியாகப் பேசலாம் என்றால் இணைப்பு போதவில்லை. படம் ஒரு நொடி உறைந்து நின்றால் பாதி வார்த்தை போய்விடும். அதனால் பேசுவதை வீடியோவாக எடுத்து ஒரே பெட்டியில் வரைவாகப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பதில் வைக்கலாம்.

“எங்க அம்மா ரூஜாவும் அதுலதான் பேசுவாங்க,” என்றாள் க்ரெமெனா. “இத்தாலியில, பெர்காமோவுல ஒரு கிழவியம்மாவைப் பாத்துக்கற வேலை. எங்க அம்மாவுக்கும் காது கேக்காது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அங்கேயே மாரடைப்புல போயிட்டாங்க. அவங்க பேசினது வேற எங்கேயும் இல்லை.”

ஒக்னியான் ஒரு நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு, “அவரே பெட்டியைத் திறந்து காட்டட்டும்,” என்றார்.

பிஸ்த்ரா பூட்டை விலக்கினாள். ஸ்தாமென் கடவுச்சொல்லைத் தட்டி ஒரு வீடியோவை ஓடவிட்டார். குறுகலான சமையலறையில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண். முகத்தைச் சுளித்துக்கொண்டு கைகளால் பொரிந்து தள்ளினாள். ஸ்தாமெனின் உதடுகள் சிரிப்பில் கோணின.

“என்ன சொல்றாங்க?” என்று பிஸ்த்ரா தயங்கிக் கேட்டாள்.

“அடுப்பை எரியவிட்டுட்டுத் தூங்கிட்டியாமே, உனக்கு மூளையைக் கடவுள் கடனாத்தான் குடுத்தாரா, அக்கம்பக்கத்துல எம் மானம் போகுதுன்னு திட்டறாங்க.”

ஒக்னியான் பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “இதெல்லாம் என்ன?”

அவை வீடியோப் பேச்சுகள் அல்ல. ஒரே பெயரில் முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று வரிசையாக நின்றன. எல்லாம் வியன்னாவிலிருந்து ஏற்றப்பட்டவை. திரைப்படங்கள். பெட்டியில் பாதிக்கு மேல் அவைதான்.

ஸ்தாமென் வெகுநேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையசைத்தார்.

“வியன்னாவுல இருக்கறது ஸகாரி. கூட தங்கியிருக்கற பசங்ககிட்ட பாஸ்வேர்டைக் குடுத்திருப்பான்கறாரு,” என்றாள் மகள். அவள் குரலில் முதலில் இருந்த சூடு இல்லை.

“அப்ப விதி சரியாத்தான் பிடிச்சிருக்கு,” என்றார் ஒக்னியான்.

“ஆளைத் தப்பாப் பிடிச்சிருக்கு,” என்றாள் பிஸ்த்ரா. “படத்தை மட்டும் தூக்கிடலாம். மத்தவங்க ஆளுக்கு ஒரு பெட்டி வச்சுக்கட்டும். இவரோடதை விட்டுடுங்க.”

“இன்னிக்கு இவருக்கு விட்டா, நாளைக்கு ஊரே வந்து நிக்கும்.”

“நிக்கட்டுமே. வந்து நின்னு திறந்து காட்டறவங்க எத்தனை பேரு? படக்காரன் ஒருத்தனாவது இங்க வந்திருக்கானா?”

அழிக்கும் வேலையை நிறுத்த ஒக்னியான் தன் கணினிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. அன்று காலையிலேயே இயந்திரம் தொடங்கிவிட்டிருந்தது. ரூஜா பெர்காமோ போன முதல் வருடத்து வீடியோக்கள் முழுவதும் போய்விட்டன. இலவசப் பெட்டிகளுக்கு மறுபிரதி எடுத்து வைக்கும் வழக்கம் இல்லை.

க்ரெமெனா அதைத் தந்தைக்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்தாமென் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிஸ்த்ரா மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நெஞ்சில் கை வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து மகளிடம் ஏதோ சொன்னார்.

“முதல் வருஷம் பூரா அம்மா அழுதுக்கிட்டேதான் இருப்பாங்களாம்,” என்றாள் க்ரெமெனா. “ஊருக்கு வந்துடறேன், வந்துடறேன்னு. அது போச்சு. சண்டை போட்டதெல்லாம் இருக்கு, அது போதுங்கறாரு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “போதாது. எனக்காகச் சொல்றாரு.”

சாயங்காலம்வரை மூவரும் பிஸ்த்ராவின் மேசையில் இருந்தார்கள். பக்கத்துத் தெருக் கடையில் ஒரு வன்வட்டு வாங்கி வந்து, மிச்சமிருந்த வீடியோக்களை அதில் இறக்கினார்கள். ஒக்னியான் காபி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, படக்கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினார். கடவுச்சொல்லை ஸ்தாமெனே மாற்றினார். திரையை மறைத்தபடி மகளுக்குக்கூடக் காட்டவில்லை.

கோடைக்குள் விதிகள் மாறின. பூட்டும் முன் குறுஞ்செய்தி போகும், பதிலும் அதிலேயே வரலாம். பெட்டிக்குள் நுழையாமலே புகார் எழுதலாம். மனிதர் ஒருவர் பார்த்துச் சம்மதிக்காமல் இயந்திரம் எதையும் அழிக்காது. பேருந்து விளம்பரங்களையும் ஒக்னியான் எடுக்கச் சொன்னார். இடத்துக்கு ஒரு வரம்பு வந்தது, தாராளமான வரம்புதான்.

ஸகாரி வியன்னாவில் வேறு அறைக்கு மாறிவிட்டதாக க்ரெமெனா பிறகு எழுதினாள். ஸ்தாமென் அவனோடு பல மாதம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் ஊர் வந்தபோது, வீட்டுக்குள் விட்டார். சாப்பாடும் போட்டார்.