சாப்பாட்டு மேஜையின் அடிப்பக்கம்

காலமெல்லாம் மண்டியில் மூட்டைகளை எடை போட்டவருக்குத் தராசின் மேலேயே நம்பிக்கை கிடையாது. மனுஷர்கள் மேல் எங்கிருந்து வரும்? தங்கை வீட்டு வாசலில் வேன் வந்து நின்றதும் நாற்காலியை இழுத்து நிலைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வந்துட்டாங்க, மேஜையத் தூக்க."

"வழிய விடு அண்ணே. அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க," என்றாள் தங்கை.

"படிச்சவன்தான் நைசாத் தூக்குவான்."

தங்கையின் கணவர் ஓவியக் கல்லூரியில் வாத்தியார். மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பது அவர் வேலை. அவர் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் சாப்பாட்டு மேஜை ஆடுகிறதே என்று ஸ்க்ரூவை முடுக்க அதைக் கவிழ்த்தாள் தங்கை. அடிப்பக்கம் முழுக்கச் செதுக்கல். முதுகுவலிக்குத் தரைதான் நல்லது என்று மனுஷன் மத்தியானமெல்லாம் மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்தது இதற்குத்தான்.

"மேஜைக்கு அடியில செதுக்கின நாள்லதான் தினமும் வீட்டைப் பெருக்கவும் செஞ்சார். வயசானதுல திருந்திட்டாருன்னு நினைச்சேன்," என்று அவள் போனில் யாரிடமோ வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த யாரோ, அவர் மாணவி. இப்போது அவர் இடத்தில் பாடம் நடத்துகிற டீச்சரம்மா. மேஜையைக் கல்லூரியில் வைக்க வேண்டும் என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மேஜை. கொடுக்கத் தங்கைக்கு மனசு துளியும் இல்லை. ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகள் கேட்டால் "முடியாது" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. அதைச் சொல்லத்தான் அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தி டீச்சரம்மா. இன்னொருவர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், அவளோடு படித்தவர், ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள். எடைக்காரரைப் பார்த்ததும் போர்டுகாரர் முகம் மலர்ந்தது.

"கள்ளநோட்டு மாமாதானே நீங்க?"

"யாரைப் பார்த்து என்னடா சொல்றே?"

"சார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் மாமா. 'ஒரே படத்தைப் பத்து தடவை அடிச்சுப் பத்து பேர்கிட்ட கொடுத்தா அது கள்ளநோட்டு இல்லாம என்ன மாப்பிள்ளை'ன்னு கேட்டீங்களாமே. வருஷா வருஷம் முதல் பாடமே அதுதான்."

தன் பேச்சு ஒரு கல்லூரியில் பாடமாக இருந்திருக்கிறது என்று அறிந்ததில் எடைக்காரர் கொஞ்சம் ஆடிப்போனார். அந்த நேரம் பார்த்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

டீச்சரம்மா கவிழ்ந்து கிடந்த மேஜையின் கால்களையும் சட்டத்தையும் கழற்றினாள். வெறும் பலகையைத் தரையில் கிடத்தி, உருளையால் கறுப்பு மையை ஓட்டினாள். "அச்சு பார்க்காம கொண்டுபோக மனசு வரலை. இங்கேயே ஒண்ணு எடுத்துடலாம். மிஷின் மக்கர் பண்ணினா சார் எங்களை ஏறி மிதிக்கச் சொல்வார்." பெரிய காகிதத்தை விரித்து, அதன் மேல் கம்பளியைப் போட்டாள். போர்டுகாரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"நீ ஏறினது காகிதத்துக்கே தெரியாதுப்பா," என்றார் எடைக்காரர்.

"அப்போ நீங்க வாங்க மாமா. உங்க வெயிட்டுக்கு அச்சு காகிதத்துக்கு அந்தப் பக்கமும் விழும்."

"நான் ஏறினதும் மேஜையோட ஓடலாம்னு பார்க்கிறியா?"

"நீங்க மேல நிக்கும்போது எப்படி மாமா தூக்குறது?"

யோசித்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏறினார். தடுமாறியதும் தங்கையின் கையைப் பிடிக்க, அவளும் கம்பளி மேல் வந்து நின்றாள்.

"மூலைய விடாதீங்க, மூலைய விடாதீங்க," என்று டீச்சரம்மா சுற்றிச் சுற்றி வந்தாள். அண்ணனும் தங்கையும் குதிகாலை ஊன்றி மூலை மூலையாக மிதித்தார்கள். அவர் தொந்தி ஒரு தாளத்துக்கும் கால் வேறொரு தாளத்துக்கும் போனது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த தங்கை, சிரிப்பு தாங்காமல் அண்ணன் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். வாத்தியார் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதை நிறுத்தக் கூடாதென்று எடைக்காரர் தேவைக்கு மேலேயே மிதித்தார்.

கம்பளியை எடுத்து, காகிதத்தை மெல்ல உரித்து, சுவரோடு பிடித்தார்கள்.

மேஜைக்கு அடியில் எத்தனையோ வருஷமாக நடந்ததெல்லாம் அதில் இருந்தது. வெறும் கால்கள். வாத்தியாரின் ஒல்லிக்கால், பக்கத்தில் கழற்றிப்போட்ட செருப்பு, எதிரே நீண்டு தங்கையின் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அவர் பாதம். பக்கவாட்டில் தூண் மாதிரி இரண்டு கால்கள். அங்கே ஒரு தடித்த கை, பிடிக்காத காயைப் பூனையிடம் தள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என் சமையலையா?"

"இது நான் இல்லை," என்றார் எடைக்காரர் உடனே. "நல்லாப் பாரு. படத்துல வலதுகால் சுண்டுவிரல் கோணலா இருக்கு. எனக்கு எடைக்கல்லு விழுந்தது இடதுகால்ல." சாட்சிக்குக் காலைத் தூக்கிக் காட்டினார்.

போர்டுகாரரும் டீச்சரம்மாவும் அந்த விரலைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சார் திருப்ப மறந்துட்டாரு," என்றார் போர்டுகாரர் தழுதழுத்த குரலில். அழுகை என்று பார்த்தால் சிரிப்பு.

அச்சில் இடம் வலமாக விழும். அதனால் பலகையில் எல்லாவற்றையும் திருப்பித்தான் செதுக்க வேண்டும். அதற்காகவே வகுப்பில் கண்ணாடி மாட்டி வைத்து, மறந்தவர்களை வறுத்தெடுத்தவர் அவர். கடைசிப் பலகையில் தானே மறந்திருக்கிறார்.

"என்னை என்ன பாடு படுத்தினார் தெரியுமா," என்றாள் டீச்சரம்மா, சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திருப்ப மறந்த பலகை காலேஜ்ல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ, அங்க அதைத் தினமும் பார்த்தாத்தான் புத்தி வரும்னுவார். கதவு அளவுப் பலகையை பஸ்ல கொண்டுபோனேன். கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் போட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தங்கையைப் பார்த்தாள். தங்கையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா?" என்றாள் தங்கை.

டீச்சரம்மா பலகையின் ஓரத்தைத் தடவிக் கொடுத்தாள். "ஒண்ணுதாம்மா. பிரின்சிபால்கிட்ட நான் பேசிக்கறேன். காலேஜுக்கு இந்த அச்சு போதும்."

இனி தனக்கு இங்கே வேலையில்லை என்று எடைக்காரர் செருப்பைத் தேடினார். தங்கை விடவில்லை. மை டப்பாவை டீச்சரம்மா பக்கம் நகர்த்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"எனக்கு ஒண்ணு வேணும். ஏறு அண்ணே."