பதினோரு கட்டம் மௌனம்

அப்பா இசையமைப்பாளர். அறுபது வாத்தியங்களுக்கு அவர் மொத்தமாக எழுதித் தருவதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் பிரித்தெழுதுவது மகளின் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய வேலை. ஊருக்கெல்லாம் அவர் தங்கமான மனிதர். வீட்டில் எப்படியென்று அம்மாவின் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும்.

புதுப் படத்தில் ஒரு புருஷன் மூன்று தடவை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே நடப்பதை இசைதான் சொல்ல வேண்டும் என்றாராம் டைரக்டர். அப்பா ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிட்டார்.

மதியம், ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்னறையில், மூன்றாவது காட்சியை எழுதும்போது அவள் பேனாவைக் கீழே வைத்தாள். செல்லோவில் இருந்தது மாடிப்படி ஏறும்போது அப்பா முணுமுணுக்கிற அதே நாலு சுரம். டிரம், அவருடைய செருப்பு. பாதிப் படியில் முணுமுணுப்பு நின்றுவிடுகிறது. அது நின்றால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ள வேண்டும் என்று ஏழு வயதிலேயே அவளுக்குத் தெரியும். அப்புறம் பதினோரு கட்டம், அதாவது பதினோரு தாளச் சுற்று, மௌனம். அப்புறம் எல்லா டிரம்மும் ஒரே போடாக.

முதல் இரண்டு காட்சிகளிலும் அதற்குப் பிறகு புல்லாங்குழல் மெல்லத் திரும்பி வந்தது, அம்மா முகம் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போவது போல. இதில் வரவில்லை. புல்லாங்குழல் தாளில் கடைசிவரை சுரமே இல்லாத வெறும் கோடுகள்தான்.

அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார்.

"புல்லாங்குழலுக்குக் கடைசிப் பக்கம் விட்டுப்போச்சாப்பா?"

"விட்டுப்போகல. அதுக்கு இனிமே வேலை இல்ல," என்றார், சட்டைக் கையை மடித்துவிட்டபடி. வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு பத்து நிமிட நடை. அதில் எட்டு நிமிடத்தை, கண்டதையும் யோசிக்காதே என்று தன்னைத் தானே திட்டுவதிலேயே கழித்தாள். பிறகு அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

அப்பா படியேறிக்கொண்டிருக்கிறார் என்றாள் அம்மா. "செருப்புச் சத்தம் மட்டும் வருது கண்ணு. பாட்டக் காணோம்."

"உள்தாழ்ப்பாளப் போடும்மா."

"எதுக்கு?" என்றாள் அம்மா. இருபத்தாறு வருடத்தில் அவரை வெளியே நிறுத்தலாம் என்கிற நினைப்பே அம்மாவுக்கு வந்ததில்லை.

"எதுக்குன்னு கேக்காத. போடு."

தாழ்ப்பாள் கிறீச்சிட்டு விழுந்தது. அவள் எழுதிய எந்தத் தாளிலும் அந்தச் சத்தம் இல்லை.

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது. கைப்பிடி ஒரு தடவை திரும்பியது. பிறகு ஒன்றுமில்லை. ஓட ஓட அவள் வாய் தானாக எண்ணியது. ஒன்பது. பத்து.

பதினொன்றில் அப்பா கதவுக்கு வெளியிலிருந்து, கல்யாணமான புதிதில் கூப்பிட்டிருப்பாரே, அவ்வளவு அன்பாக அம்மாவைக் கூப்பிட்டார். தாழ்ப்பாள் கிறீச்சிடவேயில்லை.