நாலரை அடித் தடம்

கொடுத்த பத்திரிகைத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன கதையை மல்லசமுத்திரம் பக்கம் யாரும் அதுவரை கேட்டதில்லை. வேல்முருகன் அதைச் செய்தான். வைகாசி கடைசி ஞாயிறு, காலை ஒன்பது மணி இருக்கும்.

வேல்முருகன் செங்கோடனுக்குப் பெரியப்பா மகன். ரெண்டு வயது மூத்தவன். மூன்று ரிக் வண்டி வைத்திருக்கிறான், அதில் ஒன்று எப்போதும் ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கும். செங்கோடன் திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. இரண்டு பேர் வீடும் ஒரே தோட்டத்தில்தான். ரோட்டோரம் வேல்முருகன் வீடு, அதைத் தாண்டி உள்ளே செங்கோடன் வீடு. இரண்டுக்கும் நடுவில் இட்டேறித் தடம், வேலிக்கு நடுவே வண்டி போய்வரும் மண்பாதை.

மகள் வெண்ணிலாவின் கல்யாணத்துக்கு அழைக்க வேல்முருகன் தட்டோடு வந்திருந்தான். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. செங்கோடன் எழுந்து துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். மனைவி ரஞ்சிதா பக்கத்தில் நின்றாள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

"அப்பறம் செங்கோடா, ஒண்ணே ஒண்ணு. பொண்ணழைப்புக்கு உன்ற பழைய காரு வேணும். போட்டோக்காரன் அதையப் பாத்துட்டு ஒரே புடியா நிக்கறான்."

செங்கோடன் யோசிக்கவே இல்லை. தட்டு கையில் இருக்கும்போதே வாயில் வந்துவிட்டது.

"அது மட்டும் ஆகாதுண்ணா. இன்னோவா வேணும்னா வாடகைக்குப் புடிச்சுத் தாரேன், வேற எது வேணும்னாலும் கேளு."

வேல்முருகன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பான். தம்பி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"போன வருசம் மச்சான் ஊட்டுக் கண்ணாலத்துக்குக் குடுத்தயல்ல? பொண்டாட்டி வழிக்காரனுக்குன்னா வண்டி ஓடும். பங்காளிக்குன்னா ஓடாதா?"

"அதுல பட்டதுனாலதாண்ணா சொல்றேன். பூவ டேப் போட்டு ஒட்டி, பிச்சதுல பெயிண்ட்டோட வந்துருச்சு. ஃபுட்போர்டு மேல ஏறி நின்னு ஆடுனானுங்க. மறுபடி செய்ய எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

"என்ற புள்ள ஏறி உக்காந்தா உன்ற தகரம் தேஞ்சு போயிருமா?"

"தகரம்னு சொல்லாத."

"தகரத்தத் தகரம்னு சொல்லாம தங்கம்னா சொல்லுவாங்க?"

அப்போதுதான் வேல்முருகன் கையை நீட்டி, தம்பி கையிலிருந்த தட்டைப் பிடித்து இழுத்தான். ஒரு பழம் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. தட்டோடு போய்விட்டான்.

அந்தத் தகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது 1947 மாடல் ஆஸ்டின் டென் கார். எட்டு வருசத்துக்கு முன்னால் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டுக்குப் பின்னால், கோழி அடையும் கூடாகக் கிடந்தது. செங்கோடன் அதை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, இதே இட்டேறி வழியாகத்தான் கொண்டுவந்தான். பட்டறையில் பகலெல்லாம் லாரிக்குத் தகரம் தட்டிவிட்டு, ஆறு மணிக்கு மேல் வீட்டுக் கொட்டகையில் இதற்குத் தட்டுவான். விற்கிற எண்ணம் கிடையாது. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் வந்து கேட்டபோது டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிபுரம் ரோட்டில் பத்து மைல் ஓட்டுவான், திரும்ப வந்து துடைப்பான். அவ்வளவுதான். அதில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ரஞ்சிதாவுக்கே முழுசாகத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவன் யாரையும் திட்டமாட்டான், அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

இப்போது அதைப் பழங்கால வண்டி என்று பதிவு செய்ய எழுதிப் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு வண்டியை முழுசாகக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஆர்டிஓ ஆபீஸிலிருந்து நாள் கொடுத்திருந்தார்கள். ஏழு மாசம் நடந்து வாங்கின நாள் அது. தவறினால் மறுபடி முதலிலிருந்து.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செங்கோடன் பைக்கில் வந்தபோது தடத்தின் வாயில் இரண்டு கல்லுக்கால் நின்றது. ஆள் உயரக் கருங்கல். அடியில் ஈரம் காயாத காங்கிரீட். பைக் தாராளமாகப் போனது. செங்கோடன் இறங்கி, பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தான். நாலரை அடி.

ஆஸ்டின் அகலம் நாலடி பத்து அங்குலம். அது அவனுக்குத் தெரியும். வேல்முருகனுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதோ கொட்டகைக்குள் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறான்.

வேல்முருகன் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணா இது?"

"என்ற நெலம். என்ற கல்லு."

"தடம் ரெண்டு பேருக்கும் பொதுவாச்சே."

"பத்திரத்துல காட்டு, புடுங்கிப் போடறேன்."

பத்திரத்தில் இல்லை. பாகம் பிரித்தபோது எழுத்தர் கேட்டிருக்கிறார், தடப் பாத்தியம் எழுத வேண்டாமா என்று. அண்ணன் தம்பிக்குள்ள தடத்தையா எழுதுவாங்க, வெளியே தெரிந்தால் சிரிப்பாங்க என்று இரண்டு அப்பன்களும் சேர்ந்தே சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருசம் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

புதன்கிழமை கிராம நிர்வாக அலுவலரிடம் போனான். அவர் புலப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "படத்துல தடம் இல்லீங்களே. கோர்ட்டுக்குப் போலாம். ஆனா வெள்ளிக்கெழமைக்குள்ள ஆகறதில்லீங்க."

ராத்திரிச் சோறு போடும்போது ரஞ்சிதா சொன்னாள். "ஏனுங்க, போயி ஒரு வார்த்தை சொல்லிருங்க. வண்டிய எடுத்துக்குங்கண்ணான்னு. ஒரே ஒரு நாளு. புள்ள ஆசைப்படுது."

"கல்லு நடறதுக்கு முன்னால கேட்டிருந்தா ஒருவேளை குடுத்திருப்பேன்."

"முன்னாலதான் கேட்டாரு. நீங்கதான் தட்டக் கையில வெச்சுக்கிட்டு இல்லைன்னீங்க. தட்டு வாங்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

செங்கோடன் பாதிச் சோற்றில் கை கழுவினான். அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் கோபம் வந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டான். பட்டறையில் அவனிடம் டிங்கர் வேலை செய்யும் ராசுவையும் கூட்டிவந்தான். ராசு வண்டியைச் சுற்றி வந்தான், கல்லைப் போய்ப் பார்த்தான், திரும்பி வந்து தலையைச் சொறிந்தான்.

"மேஸ்திரி, மட்கார்டு நாலையும் கழட்டுனா சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு வருமுங்க?"

"நாலடி மூணரை."

"அப்ப பக்கத்துக்கு ஒண்ணேகால் அங்குலம் இருக்குதுங்க."

புது வண்டிகளில் இது நடக்காது. பழைய ஆஸ்டினில் மட்கார்டு தனி, ஃபுட்போர்டு தனி, எல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஆனால் அந்தப் போல்ட்டுகளைச் செங்கோடன் போன மாசியில்தான் கடைசித் தடவையாக முறுக்கியிருந்தான். இனிக் கழற்ற வேண்டியதில்லை என்று நினைத்து, பாடிக்கும் மட்கார்டுக்கும் நடுவே ரப்பர் பீடிங் வைத்து, அதற்கு மேல் சந்து தெரியாமல் பெயிண்ட் அடித்திருந்தான். முதல் மட்கார்டைப் பிரித்தபோது பெயிண்ட் கோடாகக் கீறி, செதில் செதிலாக உதிர்ந்தது. ராசு அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த போல்ட்டுக்கு ஸ்பேனரைப் போட்டான். ஹெட்லைட் ஒயர், பம்பர் முன்னும் பின்னும், கடைசியில் கதவுக் கைப்பிடிகூட. சாயங்காலம் ஆஸ்டின் இறகு பிடுங்கிய கோழி மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குத் தள்ளினார்கள். எஞ்சினைப் போடவில்லை. செங்கோடன் ஸ்டியரிங்கில், ராசு பின்னால், ரஞ்சிதா முன்னால் நின்று கை காட்டினாள். வேல்முருகன் டீ டம்ளரோடு கல்லுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"அடேயப்பா! பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறயா செங்கோடா? ஒரு கிலோ தருவானா?"

ரஞ்சிதா இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கை காட்டினாள்.

"ரஞ்சிதா, நீயாச்சும் சொல்லக்கூடாதா? அம்மணமா வண்டிய ரோட்டுக்குக் கொண்டு போறான், மானம் போகுதில்ல?"

"தட்டைப் புடுங்கிட்டுப் போனப்பவே போயிருச்சுங்க மாமா," என்றாள் ரஞ்சிதா.

முன் சக்கரம் இரண்டும் போய்விட்டன. பின் சக்கரம் வரும்போது வண்டி கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கியது. வீல் கப் கல்லில் உரசிக் கிரீச்சென்றது. வேல்முருகன் வாய்விட்டுச் சிரித்தான். செங்கோடன் நிறுத்தி, ஓரடி பின்னால் எடுக்கச் சொன்னான். மறுபடி நேராக்கினான். இந்தத் தடவை இரண்டு பக்கமும் விரல் கடையளவு வெளிச்சம் தெரிந்தது. வண்டி ரோட்டில் ஏறிவிட்டது.

சிரிப்பு நின்றபின் வேல்முருகன் சாவகாசமாகச் சொன்னான். "போறது போகட்டும். இன்னிக்கே இன்னொரு கல்லு நடறேன், நடுவால. உள்ள எப்படிக் கொண்டு வாரேன்னு பாக்கறேன்."

"நடுவால கல்லு நட்டா உன்ற மாட்டுக்குத் தீனி கொண்டு போற தள்ளுவண்டி எந்தப் பக்கமாப் போகும்?"

"என்ற மாடு பட்டினி கெடந்தாலும் செரி."

அவன் அதைச் செய்வான் என்று செங்கோடனுக்குத் தெரியும்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் மட்கார்டுகளைத் திரும்ப மாட்டினார்கள். மூன்றாவதை மாட்டும்போது வெண்ணிலா ஸ்கூட்டியை நிறுத்தினாள். சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அவளைப் பார்த்ததும் செங்கோடனுக்கு நெஞ்சில் என்னமோ இளகியது. சின்னதில் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போன பிள்ளை. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சாமி, நீ கேட்டிருந்தா நான் இல்லைன்னு சொல்லுவனா? எடுத்துக்கோ. நானே ஓட்டிக்கிட்டு வாரேன்."

"நான் எப்பக் கேட்டேன் சித்தப்பா?"

"அண்ணன்…"

"அப்பா கேட்டாரு. நீங்க இல்லைன்னீங்க. அவரு கல்லு நட்டாரு, நீங்க இப்ப ஊரே பாக்க மட்கார்டு மாட்டறீங்க. மாப்பிள்ளை ஊட்ல கேக்கறாங்க, உங்க பங்காளிக்குள்ள என்ன தகராறுன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? ஒரு காருக்குன்னா?"

"இப்பத் தாரேன்னு சொல்றனல்ல."

"இனி நீங்க குடுத்தாலும் நான் அதுல ஏறமாட்டேன்."

ஸ்கூட்டி போய்விட்டது. ராசு வானத்தைப் பார்த்தபடி போல்ட்டைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆர்டிஓ ஆபீஸில் எல்லாம் சுமுகமாக நடந்தது. இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார், எஞ்சினைப் போடச் சொல்லிக் கேட்டார், மட்கார்டுச் சந்தில் பெயிண்ட் உதிர்ந்திருப்பதை விரலால் தொட்டு "இது மட்டும் ஏங்க இப்படி?" என்றார். "இப்பத்தாங்க கழட்டி மாட்டினது," என்றான் செங்கோடன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவன் ராசுவின் பைக்கில் திரும்ப ஊருக்கு வரும்போது அதைக்கூட ஒடித்துத்தான் உள்ளே எடுக்க முடிந்தது. நடுக்கல் நின்றுவிட்டது. ஆஸ்டினைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். கல்லைப் பற்றி வேல்முருகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்பான் என்று வேல்முருகன் மூன்று நாள் வாசலில் காத்திருந்ததாக ரஞ்சிதா சொன்னாள்.

பட்டறையில் வண்டியை வைத்ததால் வேலை முடிந்தபின் அதைத் துடைக்க அங்கேயே தங்க வேண்டியிருந்தது. வெல்டிங் பொறி பறக்கும் இடம், தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைக்க வேண்டும். வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆனது. கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ரஞ்சிதா அங்கே காய்ந்த சோளத்தட்டுக் கட்டுகளை அடுக்கினாள்.

ஆனி இருபது, கல்யாணம். தட்டு திரும்ப வரவில்லை. ரஞ்சிதா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தானாகவே கிளம்பினாள்.

"அழைக்காத ஊட்டுக்கா போற?"

"புள்ளைக்கு நான் சின்னம்மா. எனக்கு எவன் தட்டும் வேண்டாம். நீங்க வாரதுன்னா வாங்க."

"வல்லை."

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். அவன் பட்டறைக்குப் போய் தார்ப்பாயை இழுத்தான். மண்டபமும் திருச்செங்கோட்டிலேயே என்பதால் அந்த ஊர்ப் பக்கமே வேண்டாமென்று நாமக்கல் தாண்டி எருமப்பட்டி ரோட்டில் விட்டான். வழியில் ஒரு பெட்டிக்கடை முன்னால் நாலு பேர் கை காட்டினார்கள், போட்டோ எடுக்க. நிறுத்தவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

முகூர்த்த நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதே முக்காலுக்கு வண்டி நாற்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எட்டு வருசத்தில் இவ்வளவு நன்றாக அது ஓடினதில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. எந்த மூலையிலும் ஒரு கடகடப்பு இல்லை. செங்கோடன் பக்கத்து சீட்டைப் பார்த்து அதைச் சொல்ல வாயெடுத்தான். பிறகு ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.