கரப்பான் மருந்துக்குப் போன தாலாட்டு

"என்னம்மா, எனக்குப் பாடின தாலாட்டைக் கரப்பான்பூச்சி மருந்து விளம்பரத்துக்கு வித்துட்டியா?" என்று மகள் போனில் கேட்டதும் இசையமைப்பாளருக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. அவள் விற்கவும் இல்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. வானொலி நிலையமே தயாரித்த விளம்பரமாம். தாலாட்டு முடிந்ததும் கரப்பான் மல்லாந்து விடுமாம்!

உடனே நிலையத்துக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அனுமதி வாங்காம இங்க ஒரு துண்டு இசைகூடப் போட மாட்டோம் மேடம்," என்று குழைந்தான் அனுமதிப் பிரிவு அதிகாரி. "லைன்லயே இருங்க, பார்த்துச் சொல்றேன்."

காத்திருப்பவர்களுக்கான இசை போனில் ஒலித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தாலாட்டு! இசைத்தட்டுக்காக அவள் பாடியபோது மடியிலிருந்த மகள் சிணுங்கியதுகூட அப்படியே இருந்தது.

அதிகாரி திரும்பி வந்தான். "நல்லாத் தேடிட்டேன். உங்க பாட்டை நாங்க தொட்டதே இல்ல மேடம்."

"அப்படியா? வேற போன்லருந்து உங்க நம்பருக்கே கூப்பிட்டு, என்னை மாதிரி கொஞ்சம் காத்திருந்து பாருங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பாட்டுக்கு நடுவுல ஒரு குழந்தை சிணுங்கும். அது என் பொண்ணு. இப்ப வக்கீலா இருக்கா."