மூன்றாம் நம்பர் பாட்டில்

கேஷவின் நாவலூர் ஃப்ளாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரெட் ஒயின் கூட்டம் நடக்கும். பாட்டில்களை நியூஸ்பேப்பரில் சுற்றி நம்பர் போட்டு வைப்பான். என்ன சரக்கு என்று தெரியாமல் குடித்துப் பார்த்து, பத்துக்கு எத்தனை என்று சீட்டில் எழுதி வாசிக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஐ.டி. ஆட்கள். நான் ஒருத்தன்தான் ஹோட்டல் ஸ்டீவர்ட், கோவளத்தில் மீன் விற்கும் அஞ்சம்மாளின் மகன். செவுளைத் தூக்காமலே மீன் நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடும் மூக்கு எனக்கு. எங்கள் ஹோட்டலுக்குச் சாப்பிட வந்தபோது அதைக் கண்டுகொண்ட கேஷவ், கையோடு கூட்டிவந்து சிநேகிதனும் ஆக்கிக்கொண்டான்.

2008 மே மாதத்தில் ஒரு ஞாயிறு. வழக்கமாக வரும் ஸ்ரீநிவாசராகவன் சார், ஜெயஸ்ரீயோடு அன்றைக்கு ரோஹிணி மேடமும் வந்திருந்தார். புது ஹோட்டல் திறக்கிறவர், ஒயின் பொறுப்புக்கு ஆள் தேடுகிறார். கேஷவ் சொல்லி, என் நாக்கைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஆறு வருஷமாகத் தட்டு தூக்குகிறேன். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் வேறு வழி கிடையாது.

முதல் இரண்டும் நம் நாட்டு நாசிக் சரக்கு, தப்பில்லை. மூன்றாவதைத் தூக்கியதுமே பேப்பருக்குள் பாட்டிலின் தடித்த தோள் தெரிந்தது. பிரான்சிலிருந்து கேஷவ் கொண்டுவந்த ஜோடியில் ஒன்று. படுக்கப்போட்டு வைத்தால் ருசி ஏறும் என்று எங்கோ படித்துவிட்டு, சமையலறைப் பரணில் இரண்டு கோடை போட்டு வைத்திருந்தான். மேலே மொட்டை மாடி, கீழே கேஸ் அடுப்பு! புத்தகம் எழுதினவனுக்கு நம் ஊர் வெயில் தெரியுமா?

மோந்தேன். வெந்த திராட்சை வாசனை. வாயில் வைத்தால் காடிப் புளிப்பு. இரண்டு என்று எழுதினேன்.

"அடடா, என்ன டெப்த்! ஒன்பது" என்றார் ஸ்ரீநிவாசராகவன் சார்.

"எனக்கும் ஒன்பது. ஏஜ் பண்ணினா பண்ணினதுதான்" என்றாள் ஜெயஸ்ரீ. பாட்டிலின் தோளைப் பார்த்து மார்க் போடும் கூட்டம்.

அடுத்தது நான். கேஷவ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், இமைகூடக் கொட்டவில்லை. காலை வாரிவிடாதே என்று கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். இந்த வீட்டுக்குள் என்னைச் சரிசமமாக உட்காரவைத்தவன். அவன் மானத்தை நான் வாங்குவதா? சீட்டை மடித்துக்கொண்டேன்.

"ஒன்பது, மேடம்."

கேஷவ் முகம் செத்துவிட்டது.

"என்னடா சொல்றே? இதோட ஜோடியைப் போன வாரம்தான் திறந்தேன், கெட்டுப்போயிருந்தது. நீ ஒருத்தன்தான் கண்டுபிடிப்பேன்னு மேடம்கிட்ட சொல்லிட்டு உனக்காகவே வெச்சேன்டா!"

மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். கேஷவ் என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கினான்.

"ரெண்டு! ரெண்டுதான் போட்டிருக்கான். பாருங்க மேடம்!"

"உனுக்கு அசிங்கமா பூடும்னுதான் மச்சான்..." என்றேன்.

ரோஹிணி மேடம் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"தெரியாம ஒன்பதுன்னு சொல்லியிருந்தா, நானே கத்துக்கொடுத்திருப்பேன் குப்புராஜ். தெரிஞ்சே சொல்லியிருக்கீங்க."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கேஷவ் லிஃப்ட் வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினான். நான் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லை.